வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்த பர்மிட் ராஜ்யம்

அமெரிக்க அரசியலில் நான் எப்போதும் வலதுசாரிகளின் பக்கம் நின்றே பேசி வந்திருக்கிறேன். அரசு தன் வரவுக்குள் வாழ வேண்டும். வரி விதிக்கும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த சபையிடமே இருக்க வேண்டும். எந்தத் தொழில் பிழைக்க வேண்டும், எது மடிய வேண்டும் என்பதைத் தலைநகரில் இருப்பவர் தீர்மானிக்கக் கூடாது. இந்த மூன்றையும்தான் அந்தப் பக்கத்தின் கொள்கையாக நான் அறிந்திருந்தேன், இன்றும் இவை சரியானவை என்றே நம்புகிறேன். 2025ஆம் ஆண்டில் இதே கொள்கைக்காரர்களான டிரம்பின் குடியரசுக் கட்சி ஆட்சியில் நடந்தவற்றைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட கவலைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அங்கே கட்டப்படும் அமைப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

மண்ணடியில், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரிங் தொழில் செய்தவன் நான். ராஜாஜி சாலையில் இருக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸின் படிகளில் ஏறி இறங்கியே என் வாலிபம் கழிந்தது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, எதை எதிர்த்து அந்தக் கட்சியைத் தொடங்கினாரோ அதற்கு ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று பெயர் வைத்தார். அவர் பெயரிலான சாலையிலேயே அந்த ராஜ்யத்தின் பெரிய அலுவலகம் ஒன்று பல ஆண்டுகள் இயங்கியது. 1991க்கு முன்பு நம் நாட்டில் சில பொருள்களுக்குச் சுங்க வரி 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் உச்சவரம்பை 150 சதவீதமாகக் குறைத்ததே பெரும் புரட்சியாகப் பேசப்பட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வரி விகிதம்தான் கண்ணில் படும். உள்ளே இருந்தவர்களுக்கு விகிதத்தைவிட விலக்குதான் முக்கியம். ஒரு பொருளுக்கு 150 சதவீதம் வரி என்று அட்டவணை சொல்லும். அதே பொருளை இன்ன பயனாளர் இன்ன காரியத்துக்கு இறக்கினால் இவ்வளவு போதும் என்று ஒரு நோட்டிஃபிகேஷன் சொல்லும், அடுத்த மாதம் அதைத் திருத்தி இன்னொன்று வரும். ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கப்பட்ட ரெப் லைசென்ஸ் (ஏற்றுமதிக்கு ஈடாக இறக்குமதி செய்துகொள்ளும் உரிமை) பிரீமியம் விலைக்குக் கைமாறியது. டெல்லியில் ஆள் வைத்திருந்த பெரிய நிறுவனத்துக்கு நோட்டிஃபிகேஷன் கிடைத்தது. திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ இரண்டு லேத் போட்டு நடத்தியவருக்கு அட்டவணையில் இருந்த முழு வரி கிடைத்தது. வரியை உயர்த்தும்போதெல்லாம் சிறு தொழிலைக் காப்பதற்காகவே என்றுதான் சொன்னார்கள்.

இப்போது வாஷிங்டனுக்கு வருவோம். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி அதிபர் டிரம்ப் ஏறக்குறைய எல்லா நாடுகளின் பொருள்களுக்கும் குறைந்தது 10 சதவீதம் என்றும், பல நாடுகளுக்கு அதற்கு மேலும் வரி அறிவித்தார். நாடு வாரியான விகிதங்கள், அந்த நாட்டுடனான சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையை அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, வந்த எண்ணைப் பாதியாக்கிப் போடப்பட்டவை. அந்த நாடு அமெரிக்கப் பொருளுக்கு என்ன வரி வாங்குகிறது என்ற கேள்விக்கே அந்தக் கணக்கில் இடமில்லை. ஒன்பது நாள்களில், ஏப்ரல் 11 அன்று, ஒரு பெரிய விலக்கு வந்தது: ஸ்மார்ட்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அந்த வரி கிடையாது.

இதன் விளைவை நம் ஊரிலிருந்தே பார்க்கலாம். ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதமும் விதிக்கப்பட்டபோது, பெரியமேட்டுத் தோல் வியாபாரிகள் அனுப்பும் சரக்குக்கும் ஆம்பூர் ஷூவுக்கும் 50 சதவீதம் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐபோனுக்கு அது விழவில்லை. இரண்டும் ஒரே மாநிலத்தின் சரக்கு, இரண்டையும் செய்வது தமிழ்நாட்டுத் தொழிலாளிகளின் கை. வேறுபாடு ஒன்றுதான்: ஒன்றை விற்பது உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, மற்றொன்றை விற்பவர்களுக்கு வெள்ளை மாளிகையின் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இந்தியாவுக்கான கூடுதல் வரி ஆணை கையெழுத்தான அதே ஆகஸ்ட் 6 அன்று, ஆப்பிளின் தலைவர் டிம் குக் அதிபரின் அலுவலகத்தில் நின்று, 24 கேரட் தங்கப் பீடத்தில் பதித்த கண்ணாடி நினைவுப் பரிசு ஒன்றை அளித்து, அமெரிக்காவில் மேலும் 10,000 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தார். அமெரிக்காவில் தொழிற்சாலை கட்டுபவர்களுக்குச் சிப் மீதான வரி கிடையாது என்று அதிபர் சொன்னதும் அந்த மேடையில்தான். நான் குக்கைக் குறை சொல்லவில்லை. தன் பங்குதாரர்களுக்காக அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். ஒரு நாட்டின் வரிச் சட்டம் ஒரு வியாபாரியை இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது என்பதே என் வாதம்.

அதே மாதத்தில், சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தில் சுமார் 10 சதவீதப் பங்கை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. அதற்கான 890 கோடி டாலரில் பெரும்பகுதி, பைடன் காலத்தில், உள்நாட்டுச் சிப் உற்பத்தியை ஊக்குவிக்க 2022இல் நிறைவேறிய சிப்ஸ் சட்டத்தின்படி அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த மானியம். சிப் நிறுவனங்களான என்விடியாவும் ஏஎம்டியும் சீனாவுக்குச் சில சிப்களை விற்க அனுமதி பெறுவதற்காக, அந்த விற்பனை வருவாயில் 15 சதவீதத்தை அரசுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஜூன் மாதம் யு.எஸ். ஸ்டீலை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியபோது, முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமையுள்ள ‘தங்கப் பங்கு’ ஒன்று அரசின் கைக்குப் போனது. தனியார் தொழிலில் அரசுப் பங்கு, அனுமதிக்கு விலை, நிர்வாக முடிவில் வீட்டோ ஆகிய மூன்றையும் ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் செய்திருந்தால், சோஷலிசம் வந்துவிட்டது என்று குடியரசுக் கட்சியினர் அத்தனை பேரும் எழுந்திருப்பார்கள். நானும் அவர்களோடு எழுந்திருப்பேன். கென்டக்கி செனட்டர் ராண்ட் பால் போன்ற வெகுசிலர் மட்டுமே இன்டெல் விஷயத்தில் அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

வரிக்கு ஆதரவாகப் பேசும் நண்பர்கள் ரீகனையே சாட்சிக்கு அழைப்பதுண்டு. 1983இல் ஹார்லி டேவிட்சனைக் காப்பதற்காக, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களுக்கு அவர் வரியை உயர்த்தினார் என்பது உண்மை. முழு விவரத்தையும் சொல்ல வேண்டும். அந்த வரி 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டப்படி, அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் விசாரித்துப் பரிந்துரைத்த பிறகு விதிக்கப்பட்டது. முதல் ஆண்டு 49.4 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் குறைந்து, ஐந்தே ஆண்டில் முடியும்படி எழுதப்பட்டது. முடிவதற்கு முன்பாகவே, 1987இல், எங்களுக்கு இது இனித் தேவையில்லை என்று ஹார்லியே சொல்லிவிட்டது. சட்டம், விசாரணை, கெடு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. அதே 1987 ஏப்ரலில் ரீகன் ஆற்றிய வானொலி உரையில், உயர்ந்த சுங்க வரி கடைசியில் எதிர் வரியையும் வர்த்தகப் போரையும்தான் கொண்டுவரும் என்று எச்சரித்தார். அந்த உரையைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2025 அக்டோபரில் விளம்பரமாக ஒளிபரப்பியதற்காகவே கனடாவுடனான பேச்சுவார்த்தையை டிரம்ப் முறித்துக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள் பற்றிப் பேசும்போது திருவொற்றியூரை விட்டுவிட முடியாது. 1955 முதல் இங்கே புல்லட் தயாரித்த என்ஃபீல்டு, வெளி வண்டி உள்ளே வராத காலம் முழுவதும் ஏறக்குறைய அதே வண்டியைத்தான் செய்துகொண்டிருந்தது. வாங்குபவருக்கு வேறு வழி இல்லாதபோது எதை மாற்றுவது, யாருக்காக மாற்றுவது? எண்பதுகளில் ஜப்பானியக் கூட்டோடு ஹீரோ ஹோண்டா போன்றவை வந்து, நூறு சிசி வண்டிகள் தெருவை நிறைத்த பிறகுதான் அந்தத் தொழிற்சாலைக்கு வாழ்வா சாவா என்ற நிலை வந்தது. 1994இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்குப் போய், மூடிவிடலாமா என்ற யோசனை வரைக்கும் சென்று, அதன் பிறகு திருத்தி எழுந்தது. இன்று ராயல் என்ஃபீல்டு ஆண்டுக்குப் பத்து லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்கிறது. அந்தப் பெயர் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்கிறது. வெளிநாட்டு பைக் மீதான நம் வரி பல காலம் உயரமாகவே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. என்ஃபீல்டைத் திருத்தியது அந்த வரி அல்ல, உள்நாட்டிலேயே எழுந்த போட்டிதான்.

இதைவிடப் பழைய உதாரணம் அமெரிக்கர்களின் கையிலேயே இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி, ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டதாக, அமெரிக்கர்களுக்குச் சொந்தமானதாக, பெரும்பாலும் அமெரிக்க மாலுமிகள் ஓட்டுவதாக இருக்க வேண்டும். கப்பல் கட்டும் தொழிலுக்கு இதைவிட உறுதியான வேலி எந்தச் சட்டத்தாலும் போட முடியாது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு உலகின் வணிகக் கப்பல்களில் ஒரு சதவீதத்தைக்கூட அமெரிக்கா கட்டவில்லை. கொரியாவும் ஜப்பானும் சீனாவும் கட்டுகின்றன. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, நிவாரணச் சரக்கு போய்ச் சேர அந்தச் சட்டத்தையே பத்து நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற சரக்குக் கப்பல் எண்ணூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் இருக்கும் எல் அண்ட் டி தளத்துக்கு ரிப்பேருக்கு வந்தது. இந்தியாவில் ஓர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. நம் பகுதிக்கு அது பெருமை. வேலிக்குள் நூறு ஆண்டு வைத்துக் காத்த தொழில் என்ன ஆனது என்று வாஷிங்டனில் ஒருவராவது அப்போது கேட்டிருக்க வேண்டும்.

தொழிற்சாலை மூடிய ஊர்களின் துயரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் 1977 செப்டம்பர் 19 அன்று ஒரு எஃகு ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்து, ஏறத்தாழ 5,000 பேரின் வேலை போனது. அந்த ஊர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பின்னாளில் டிரம்புக்கு வாக்களித்தார்கள். அவர்களை ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒட்டுறவு கிடையாது. பெரம்பூரில் பி அண்ட் சி துணி மில் மூடியபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். சங்கு ஊதும் நேரத்தை வைத்து நாளை நடத்திய குடும்பங்கள், மகன் வேலைக்குப் போக வேண்டிய வயதில் அப்பா வேலை தேடிய வீடுகள், செட்டில்மென்ட் பணத்தை எதிர்பார்த்தே கழிந்த ஆண்டுகள். 1996இல் அந்த மில் நிரந்தரமாக மூடியது. ஆனால் அது நலிந்தது எப்போது? நாட்டின் சுங்கச் சுவர் மிக உயரமாக இருந்த எழுபதுகளிலும் எண்பதுகளிலும். யங்ஸ்டவுன் ஆலை மூடியதும் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பல ஆண்டுகள் முன்பு; சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பு. பழைய இயந்திரம், முதலீடு செய்யாத நிர்வாகம், தீராத தொழில் தகராறு ஆகியவற்றை எந்தச் சுங்க வரியும் சரிசெய்துவிடாது. அந்தத் தொழிலாளிக்கு ஆறுதல் என்ற பெயரில் தவறான மருந்தைக் கொடுப்பது அவருக்கு இழைக்கும் இரண்டாவது அநியாயம்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். பைடன் ஆட்சி 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலரைக் கடன் வாங்கி வாரி இறைத்ததும், 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டதும் வலதுசாரிகள் சரியாகவே கண்டித்தவை. அந்தக் கண்டனத்தால் வென்று வந்தவர்கள் 2025 ஜூலையில் நிறைவேற்றிய பெரிய வரி, செலவுச் சட்டம், பத்து ஆண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டது. அக்டோபரில் மொத்தக் கடன் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. சுங்க வரி இந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும் என்கிறார்கள். 2025 நிதியாண்டில் சுங்க வருவாய் ஏறத்தாழ 19,500 கோடி டாலர். பற்றாக்குறை அதைப்போல் ஒன்பது மடங்கு. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உபரி பட்ஜெட் வந்ததும், அதற்குக் குடியரசுக் கட்சி காங்கிரஸ் பெரும் பங்காற்றியதும் இன்றைய உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இனி அதிகாரம் பற்றிய கேள்வி. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, வரியும் சுங்கத் தீர்வையும் விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குத்தான் கொடுக்கிறது. 2025 ஏப்ரல் வரிகளுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 1977ஆம் ஆண்டின் அவசர நிலைச் சட்டத்தில் சுங்க வரி பற்றிய குறிப்பே இல்லை. அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் மே மாதத்திலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டிலும் அந்த வரிகள் செல்லாது என்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2026 பிப்ரவரியில் அங்கேயும் அதே முடிவுதான் வந்தது. நீதிமன்றம் என்ன சொன்னாலும், செய்ய வேண்டியவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்கள். அதிபர் விதிக்கும் புதிய வரியைக் காங்கிரஸ் அறுபது நாளுக்குள் ஏற்காவிட்டால் அது தானாகக் காலாவதியாக வேண்டும் என்ற மசோதாவை, அயோவாவின் மூத்த குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி, ஜனநாயகக் கட்சியின் மரியா கான்ட்வெல்லோடு சேர்ந்து ஏப்ரலிலேயே கொண்டுவந்தார். அக்டோபர் இறுதியில் ராண்ட் பால், மெக்கானல், காலின்ஸ், மர்கவ்ஸ்கி ஆகிய நான்கு குடியரசுக் கட்சியினர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து, உலகளாவிய அந்த வரிகளுக்கு எதிரான தீர்மானத்தைச் செனட்டில் 51க்கு 47 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். பிரதிநிதிகள் சபையோ அப்படிப்பட்ட தீர்மானம் வாக்கெடுப்புக்கே வராதபடி முன்கூட்டியே விதி போட்டுக்கொண்டிருந்தது. கிராஸ்லியின் மசோதாவுக்கு அந்தச் சபையில் ஓட்டுப் போட்டு, சொந்தத் தொகுதியில் அதற்குப் பதில் சொல்லத் துணியும் குடியரசுக் கட்சிக்காரர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் இனி நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.