புருதோனும் என் வீவக வீடும்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருதோன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது "சொத்து என்பது திருட்டு" என்ற ஒரே வரிதான். 1840-இல் அவர் எழுதிய புத்தகத்தில் வருவது. தன்னை அரசின்மைவாதி, அதாவது ஆளும் அரசே வேண்டாம் என்பவர் என்று துணிந்து சொல்லிக்கொண்டதும் அதில்தான். எனக்கோ அவர் முதலில் ஒரு கம்பாசிட்டர். நானும் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன், அதனால் இருக்கலாம்.

1809-இல் பிரான்சின் பெசன்சோனில் பிறந்தார். அப்பா பியர் விற்றவர். அடக்க விலைக்கும் தன் கூலிக்கும் மேல் காசு வாங்க மாட்டார், தொழில் நொடித்துப்போனது. மகன் படிப்பை விட்டு அச்சகத்துக்குப் போனான். சமயநூல்களுக்குப் பிழை திருத்தியே ஹீப்ரு கற்றுக்கொண்டான். நம்புவேன். எழுத்துக் கோப்பவன் வரியைத் தலைகீழாக, எழுத்தெழுத்தாக வாசிக்கிறான். எதையும் தாண்டிப் போக முடியாது. எனக்கு அப்படி மனப்பாடமானது கல்யாணப் பத்திரிகை வாசகம்தான், அது வேறு கதை.

அவர் திருட்டு என்றது உழுகிறவனின் நிலத்தையோ தையற்காரரின் ஊசியையோ அல்ல. தானே பயன்படுத்துவதை வைத்துக்கொள்ளலாம். பத்திரம் கையில் இருக்கிறது என்பதற்காகவே பிறர் உழைப்பிலிருந்து வாடகையும் வட்டியும் கறப்பதைத்தான் சாடினார்.

அங் மோ கியோவில் என் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு 99 ஆண்டுக் குத்தகை. குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்று காப்பிக்கடையில் பேச்சு எழும்போதெல்லாம் இவர் ஞாபகம் வரும். குடியிருக்கும்வரை உனக்கு என்பதற்குத் தலையாட்டியிருப்பார். நிலம் அரசாங்கத்துடையது என்றதும் எழுந்து போயிருப்பார். மகனின் பழைய அறையை நான் வாடகைக்கு விட்டிருப்பதைச் சொன்னால் கோப்பி ஓவை, அதான் பாலில்லாத காப்பியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

1849-இல் வட்டியில்லாக் கடனுக்காக மக்கள் வங்கி என்று ஒன்று தொடங்கினார். அப்போதைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியனைத் தாக்கி எழுதியதற்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை வந்தது, வங்கி வேலைக்கு வருமுன்பே கலைந்தது. கைதியாக இருந்தபோதே கல்யாணமும் செய்துகொண்டார்.

சரி, எல்லாமே போற்றத் தக்கதா? இல்லை. யூதர்களைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியிருப்பது அருவருப்பு. பெண்ணுக்கு இடம் வீடுதான் என்றும் அடித்துச் சொன்னார். அதைப் படித்த என் மகள், "யாரும் யாரையும் ஆளக்கூடாதாம், வீட்டுல மட்டும் இவர் ஆளணுமாப்பா?" என்றாள். எங்கள் அச்சகத்திலும் இப்படி ஆட்கள் இருந்தார்கள் என்றேன். அவள் சமாதானமாகவில்லை.