கைக்குழந்தைக்குக் கீரை கடைதல்

ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குக் கீரை கொடுக்கலாமா என்று கேட்டால், உறவினர்களிடமும் அக்கம்பக்கத்திலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கீரையை வேகவைத்து, அந்தத் தண்ணீரை மட்டும் வடிகட்டிக் கொடுங்கள். பருப்புத் தண்ணீர், காய்கறித் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சித் தண்ணீர் என்று நீளும் வரிசையில் கீரைத் தண்ணீருக்கும் ஓர் இடம் உண்டு. சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். பெரம்பூரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவன் என்பதால், மனைவி அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு எங்கள் மகளின் பகல் உணவு என் பொறுப்பாயிற்று. அந்தப் பொறுப்பை ஏற்றதும் நான் முதலில் நிறுத்தியது இந்தத் தண்ணீரைத்தான்.

குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு எவ்வளவு கொள்ளும் என்பதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் என்று மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 240 மில்லிலிட்டர். தாய்ப்பாலுக்கும் அதற்குள்தான் இடம் வேண்டும். அவ்வளவு சிறிய வயிற்றைக் கீரைத் தண்ணீரால் நிரப்பினால் குழந்தை நிறைவாகக் குடித்ததுபோலத் தோன்றுமே தவிர, அதற்குத் தேவையான மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் உள்ளே போயிருக்காது. தண்ணீரில் வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை ஓரளவு இறங்குவது உண்மை. ஆனால் உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் நீரில் கரையாதது. அதுவும், இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளின் பெரும்பகுதியும் இலையிலேயே தங்கிவிடும். ஆகவே இலையைத்தான் கடைந்து கொடுக்க வேண்டும், அதுவும் கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழிந்துவிடாத பதத்தில்.

இலை என்றதும், எந்தக் கீரை என்ற கேள்வி வரும். எங்கள் தெருமுனையில் காலையில் கூடையை இறக்கும் கீரைக்கார ஆயாவுக்கு இதில் ஐயமே இல்லை. “கொயந்தைக்குன்னா மொளக்கீரை எடுத்துக்க தம்பி, தண்டு எவ்ளோ எளசா கீது பாரு” என்று சொல்லி, நகத்தால் தண்டை ஒடித்துக் காட்டுவார். நார் இழுபடாமல் ‘டக்’கென்று ஒடிந்தால் அது குழந்தைக்கு ஆகும் கீரை, தோல் உரிந்துகொண்டு தொங்கினால் அதைப் பெரியவர்களுக்குக் கூட்டு வைத்துக்கொள்ளலாம். முளைக்கீரையும் சிறுகீரையும் சுவையில் மென்மையானவை, எளிதில் மசிபவை, தொடக்கத்துக்கு ஏற்றவை. பாலக் கீரையும் நன்றாகவே மசியும். புளிச்சக்கீரை அதன் புளிப்புக்காகவும், அகத்திக்கீரை அதன் கசப்புக்காகவும் இந்த வயதில் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் மருந்து அடிக்காத கீரை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது; பூச்சி கடித்த பிறகும் மருந்து அடித்திருக்கலாம் என்பதால் நான் ஓட்டையை நம்புவதில்லை, கழுவுவதை நம்புகிறேன்.

முருங்கைக்கீரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில், 100 கிராம் முருங்கை இலையில் ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் இரும்பும் 310 மில்லிகிராம் கால்சியமும் இருப்பதாகக் காணலாம். பாலக்கில் இரும்பு சுமார் 3 மில்லிகிராம். கால்சியம் 80 மில்லிகிராமை ஒட்டியே நிற்கிறது. இரும்புக்குப் பாலக்தான் என்று கடைகளில் எழுதி ஒட்டுவதைப் பார்க்கும்போது, வீட்டுக் கொல்லையில் கேட்பாரற்று நிற்கும் முருங்கைக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். அதன் ஒரே சங்கடம் ஆய்வதுதான். இலையோடு ஒட்டி வரும் மெல்லிய ஈர்க்கு குழந்தையின் தொண்டையில் குத்தி நின்றுவிடும் என்பதால், ஒன்றுவிடாமல் நீக்க வேண்டும். இதற்கு மாமியார் காட்டிய வழி எளிது: முதல்நாள் இரவே கொத்தை ஒரு பருத்தித் துணியில் தளரச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். உதிர்ந்ததிலும் பழுத்த இலைகளையும் துணுக்குக் காம்புகளையும் முறத்தில் பரப்பிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கொத்தாக உருவும் வேலை மிச்சம்.

கீரையின் பெருமையைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லிவிடுவது நல்லது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67.1 விழுக்காட்டினருக்கும் தமிழகத்தில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. கீரை மலிந்த ஊரில் இப்படியா என்று கேட்கத் தோன்றும். கைக்குழந்தை ஒரு வேளைக்கு உண்ணும் கீரை ஒன்றிரண்டு மேசைக்கரண்டிதான். அதில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதிலும் உடல் ஈர்த்துக்கொள்வது சிறுபகுதியே. ஆகவே முட்டை மஞ்சள் கரு, ஈரல், மீன், பருப்பு ஆகியவற்றின் இடத்தைக் கீரையால் நிரப்ப முடியாது. இவ்வயதுக் குழந்தைகளுக்கென அரசுத் திட்டத்தில், வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் வீதம் கொடுக்கும் இரும்பு–ஃபோலிக் அமிலச் சிரப் உண்டு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசிக்குப் போகும்போது அதைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம். கீரை கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் அதை விட்டுவிடக் கூடாது.

கழுவுவதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. வடிதட்டில் கீரையைப் போட்டுக் குழாயைத் திறந்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மண் அப்படிப் போகாது. அகலமான பாத்திரத்தில் கீரை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் பிடித்து, வேர்ப்பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு, கட்டைப் பிரித்துப் போட்டு, கையால் அலசிச் சில நிமிடம் அப்படியே விட வேண்டும். மண் அடியில் தங்கும். பிறகு தண்ணீரைச் சாய்க்காமல், கீரையை மட்டும் இரு கைகளாலும் மேலாக அள்ளி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே வந்து படியும். பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பார்த்து, நறநறப்பு இல்லாமல் போகும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் கீரைக்குத் தண்டின் கணுவிலெல்லாம் சேறு ஒட்டியிருக்கும். அந்நாட்களில் கூடுதலாகச் சில தண்ணீர் மாற்றினால்தான் மனம் ஒப்புகிறது. கடைசியில் ஓடும் தண்ணீரில் ஒருமுறை காட்டினால் போதும். கொதிக்கவைக்கப் போகும் பொருளுக்குக் கேன் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை. நறுக்குவது கழுவிய பிறகுதான். நறுக்கிக் கழுவினால் வெட்டுவாய் வழியே சத்து தண்ணீரோடு போய்விடும்.

முளைக்கீரை, சிறுகீரை, பாலக் ஆகியவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. அதில் நீரில் கரையும் பகுதி கொதிக்கும்போது தண்ணீருக்கு வந்துவிடுகிறது. இலையிலுள்ள நைட்ரேட்டின் ஒரு பங்கும் அப்படியே. அதனால் இந்தக் கீரைகளை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, வெந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துவிடுகிறேன். ஊரார் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லும் அதே தண்ணீரைத்தான் நான் தொட்டியில் கொட்டுகிறேன் என்பது மாமியாருக்கு இன்றளவும் பொறுக்கவில்லை. முருங்கையில் ஆக்சலேட் குறைவு என்பதால், அதைப் பாசிப்பருப்போடு சேர்த்துக் குறைந்த தண்ணீரில் வேகவிட்டு, வடிக்காமலே கடைந்துவிடலாம்.

பாத்திரத்தை மூடக் கூடாது என்று அம்மா சொல்வார். அதற்குக் காரணம் உண்டு. வேகும்போது இலையிலிருந்து வெளிவரும் அமிலங்கள் ஆவியோடு வெளியேறினால் பச்சை நிறம் நிற்கும். மூடினால் அவை உள்ளேயே சுற்றி, பச்சையத்தைக் குலைத்து, கீரையைப் பாசி நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். நிறத்துக்காகச் சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவதுண்டு. நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் சில வைட்டமின்கள் அதோடு அழியும். குழந்தையின் கிண்ணத்தில் அந்த ஒப்பனை தேவையில்லை. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது.

முதல் சில வாரங்களுக்கு மிக்ஸியில் அடித்த விழுதே சரி, ஏனெனில் இளந்தண்டின் நார்கூட அப்போது தொண்டையில் சிக்கும். எட்டாம் மாதம் தொடங்கியதும் மிக்ஸியை விட்டுவிட்டு, சட்டியும் மத்துமாக மாறிக்கொண்டோம். மத்தில் கடைந்த கீரையில் கடுகளவு துணுக்குகள் நிற்கும். வாயில் அதைப் புரட்டி, ஈறால் நசுக்கிக் குழந்தை மெல்லப் பழகுவதற்கு அந்தத் துணுக்குகள் வேண்டும். ஒன்பது, பத்து மாதம் வரை வழவழப்பான விழுதையே ஊட்டிக்கொண்டிருந்தால் பிறகு சிறு கட்டி தட்டினாலும் குழந்தை குமட்டித் துப்பும். குழைந்த சாதம், பாசிப்பருப்பு, கடைந்த கீரை மூன்றையும் சேர்த்துப் பிசைந்து அரைத் தேக்கரண்டி நெய் விடுகிறேன். கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால் அந்த நெய் வாசனைக்கு மட்டுமல்ல. அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்ததும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் உண்டு. வைட்டமின் சி உடனிருந்தால் இலையிலுள்ள இரும்பு கூடுதலாக ஈர்க்கப்படும். கீரையும் தயிரும் ஒரே வேளையில் சேரக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். அதை விஷம்போல் பாவிக்கத் தேவையில்லை. ஆனால் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இரும்பைச் சற்றே தடுக்கும் என்பதால், தயிர்ச் சாதத்தை வேறு வேளைக்குத் தள்ளிவிடுகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட நான் கண்டிப்பாக இருப்பது நேரத்தில். கீரையில் இயல்பாகவே நைட்ரேட் அதிகம். சமைத்த கீரை சூடு ஆறி வெளியிலேயே கிடந்தால், அதில் பெருகும் கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அது இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்கே இதில் ஆபத்து அதிகம். சென்னை வெயிலில் மதியம் கடைந்தது மாலைக்குள் எப்படியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவில் கீரை ஆகாது என்ற பழைய வழக்கம் எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு அது சரியான வழக்கம்தான்.

“சாயங்காலத்துக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா மாப்பிள்ளை? நிறைய மிஞ்சிப்போச்சே” என்று மாமியார் கேட்பார்.

“வேண்டாம் அத்தை, மிஞ்சினது நமக்கு. அவளுக்கு ராத்திரி கேழ்வரகுக் கூழ் கிண்டிடலாம்” என்பேன்.

ஒரே நாளில் கடைந்து, பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்துச் சூடாக்கும் முறையை இப்போது பலர் கையாள்கிறார்கள். கடைந்த கையோடு உறையவைத்து, ஒருமுறை மட்டுமே உருக்கி, ஊட்டிய மீதியை மறுபடி வைக்காமல் கொட்டிவிட்டால் அதில் தவறில்லை. எனக்கு அதில் நாட்டமில்லை. மின்சாரம் போய் வரும் கோடைநாட்களில் கட்டி எப்போது உருகியது, எப்போது மறுபடி உறைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆய்ந்து கழுவி வைத்த கீரை வேக எடுப்பது பத்து நிமிடம்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் கீரையை அறவே நிறுத்திவிடுவோம். குடலில் தொற்று இருக்கும்போது இந்த நைட்ரைட் பிரச்சினை கூடும்.

புதிய கீரையை மதிய வேளையில் ஒரு தேக்கரண்டியில் தொடங்குவது வசதி. தடிப்போ வாந்தியோ வந்தால் பகலிலேயே தெரிந்துவிடும். முதல்முறை முகத்தைச் சுளித்துத் துப்பினால், குழந்தைக்குக் கீரை பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எட்டுப் பத்து முறை சுவைத்த பிறகே பல குழந்தைகள் ஒரு புதிய சுவையை ஏற்றுக்கொள்கின்றன. மறுநாள் மலம் பச்சையாகப் போவதும், அதில் இலைத் துணுக்கு அப்படியே தெரிவதும் பயப்பட வேண்டியவை அல்ல.

ஒன்பதாம் மாதத்தில் மகள் தானே எடுத்து உண்ண ஆசைப்படத் தொடங்கியதிலிருந்து, பொடியாக நறுக்கி வேகவைத்த முருங்கை இலையை இட்லி மாவில் கலந்து ஊற்றுகிறேன். விரல் அளவுக்கு நறுக்கிக் கொடுத்தால் பிடித்துக் கடிக்க அது தோதாக இருக்கிறது. வீட்டாருக்குக் கடையும் நாளில் உப்பு, பச்சை மிளகாய், தாளிப்பு எதுவும் சேருமுன் அவளுடைய பங்கைத் தனியே எடுத்துவிட்டால், ஒரே சட்டியில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.