எங்கள் பங்கின் வாரம்
காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகிறவர்களும் உண்டு என்பதால், ராயபுரத்தில் எங்கள் பங்கின் (கத்தோலிக்க ஆலயச் சமூகத்தின்) ஞாயிற்றுக்கிழமையின் முதல் திருப்பலிக்கு (பூசைக்கு) விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. செவ்வாயன்று அந்தோணியார் நவநாள் வழிபாடு, புதனன்று சகாயமாதா நவநாள் வழிபாடு. ஆனால் வாரத்தின் உயிர், என் பார்வையில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம்தான். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய அச்சபையின் வழக்கப்படி, கூட்டத்தில் ஒரு துணிப்பை கைமாறுகிறது, யார் எவ்வளவு போட்டார் என்பது பிறருக்குத் தெரியாதபடி மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும் (சில்லறைச் சத்தம் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்!). ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில், வருமானமின்றித் தவிக்கும் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் போவது அந்தப் பணத்தில்தான். மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியர்கள் போதவில்லை. இளையோர் முன்வந்து பங்குத்தந்தையிடம் பெயர் கொடுக்கலாம்.