ஸ்பாக் பயிற்சியும் தேர்வும்: பிரிட்டிஷ் காவல்துறையின் தகவல்தொடர்புத் தரவுப் பிரிவுக்கு வர நினைப்பவர்களுக்கு

இந்த வேலைக்குக் கணினிப் பட்டம் வேண்டுமா என்றுதான் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம். என்னோடு பயிற்சியில் இருந்தவர்களில் ஒருவர் வங்கியிலிருந்து வந்தவர், இன்னொருவர் காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தவர், பள்ளி ஆசிரியை ஒருவரும் இருந்தார். தேர்வை நன்றாகச் செய்தவர்கள் காரணத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள். ஒருவரின் போன் விவரத்தை எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு கேட்டால் போதும், வந்த பதில் எதுவரை சொல்கிறது: இந்த மூன்றையும் எழுத்தில் நிறுவ முடிந்தால் மீதியைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார், யாரை, எப்போது, எங்கிருந்து, எந்தக் கருவியில் தொடர்புகொண்டார் என்பதுதான் தகவல்தொடர்புத் தரவு. என்ன பேசினார், செய்தியில் என்ன எழுதினார் என்பது இதில் வராது. ஒட்டுக்கேட்பதற்கு வேறு வாரண்ட், வேறு நடைமுறை. வழக்கை விசாரிக்கும் அதிகாரி தரவு வேண்டும் என்று எங்களிடம் வருவார். அந்தக் கோரிக்கையைச் சோதித்து, திருத்தம் சொல்லி, அனுமதி பெற்று, தொலைபேசி அல்லது இணைய நிறுவனத்திடமிருந்து பதிலை வாங்கித் தருகிறோம். நிறுவனங்களோடு பேச ஒவ்வொரு படையிலும் இருக்கும் ஒரே வாசல் ஸ்பாக், அதாவது Single Point of Contact. உரிய பயிற்சியை முடித்து அடையாள எண் பெற்றவர்தான் அந்த இடத்தில் உட்கார முடியும். இந்தப் பதவிகளில் பெரும்பாலானவை சீருடையோ கைது அதிகாரமோ இல்லாத போலீஸ் ஸ்டாஃப் பதவிகள்.

படிக்க வேண்டிய அடிப்படைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டம். அதன் மூன்றாம் பகுதிதான் நமக்கு உரியது. சட்டத்தின் மொழி கடினமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அதை ஒட்டி அரசு வெளியிட்டிருக்கும் தகவல்தொடர்புத் தரவு நடைமுறைத் தொகுப்பை முதலில் படியுங்கள், அப்புறம் சட்டத்துக்குப் போங்கள். தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நேர்காணலுக்கு முன்பே அதைப் படித்துவிட்டு வருபவர்கள் மிகக் குறைவு. படித்திருந்தால் அது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

தொகுப்பில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது தரவின் இரண்டு வகைகள். இந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்பது போன்ற விவரம் என்டிட்டி டேட்டா. இந்த எண் யாரை எப்போது அழைத்தது, அப்போது எந்த செல்லில் (கோபுரம் ஒரு திசையில் சேவை தரும் பகுதி) இருந்தது என்பது ஈவென்ட் டேட்டா. முதல் வகையை எந்தக் குற்ற விசாரணைக்கும் கேட்கலாம். இரண்டாவதை, குற்றத்துக்காக என்றால், கடுங்குற்றத்துக்கு மட்டுமே கேட்க முடியும். பொதுவாக 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் அது.

இங்கேதான் நல்ல கேள்விகள் பிறக்கின்றன. ஒரு பெண்ணுக்குத் தினமும் இரவில் அழைப்பு வருகிறது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை. 1997ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம்தான். அப்படியானால் அவருக்கு வந்த அழைப்புகளின் விவரத்தைக் கேட்க முடியாதா? முடியும். தகவலை அனுப்புவதே குற்றத்தின் பிரிக்க முடியாத அங்கமாக இருந்தால், தண்டனைக் காலம் குறைவாக இருந்தாலும் அது கடுங்குற்ற வரையறைக்குள் வந்துவிடும். 12 மாதம் என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் "முடியாது" என்று எழுதிவிடுவார்கள். நிஜ வேலையில் அந்தப் பதில் போனால், பயந்துபோயிருக்கும் ஒரு பெண்ணைக் கைவிட்டதாக ஆகும். விதியைப் படிக்கும்போது அது எதற்காக எழுதப்பட்டது என்றும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது தேவையும் அளவும். பயிற்சியில் அதிக நேரம் இதற்குத்தான் போனது, போகவும் வேண்டும். தேவை என்று எழுதும்போது மூன்று கண்ணிகள் இணைய வேண்டும்: நடந்த சம்பவம், அதில் தொடர்புடைய ஆள், அந்த ஆளோடு சேர்ந்த எண் அல்லது கருவி. ஆளும் எண்ணும் எப்படிச் சேர்ந்தன என்பதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். "சந்தேக நபரின் எண்" என்று எழுதினால் போதாது. அது அவருடைய எண் என்று எப்படித் தெரியும், யார் சொன்னது, எப்போது சொன்னது?

அளவுக்கு ஒரு மாதிரிச் சூழல் தருகிறேன், எழுதிப் பாருங்கள். இரவு 9.10க்கு ஒரு கடையில் கத்தியைக் காட்டிக் கொள்ளை. சந்தேக நபரின் எண் கையில் இருக்கிறது. அதிகாரி மூன்று மாத அழைப்பு விவரத்தையும் இருப்பிடத்தையும் கேட்கிறார். அப்படியே அனுப்பினால் திரும்பி வரும். சம்பவத்தைச் சுற்றிய சில மணி நேரம் போதாதா என்று அதிகாரியிடம் கேட்க வேண்டும். இரண்டு நாள் முன்பு அதே ஆள் கடையை நோட்டம் விட்டது கேமராவில் பதிவாகியிருந்தால், அந்த நாளையும் சேர்க்கலாம், காரணத்தோடு. மூன்று மாதத்துக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஆளின் தாய், மருத்துவர், காதலி என்று வழக்கோடு சம்பந்தமே இல்லாதவர்களின் வாழ்க்கையை நாம் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பக்கவிளைவையும் கோரிக்கையில் எழுத வேண்டும். "பிறர் தனியுரிமை பாதிக்கப்படாது" என்ற வெற்று வாக்கியம் எழுதாததற்குச் சமம்.

இதைப் பழக எளிய வழி ஒன்று உண்டு. செய்தித்தாளில் வரும் குற்றச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, நீங்கள்தான் விசாரிப்பவர் என்று எண்ணி ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுதுங்கள். மறுநாள் அதையே அனுமதி கொடுப்பவராகப் படியுங்கள். 2019இல் தொடங்கிய ஓசிடிஏ என்ற சுதந்திர அலுவலகம்தான் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு அனுமதி தருகிறது. அங்கே இருப்பவருக்கு உங்கள் வழக்கு தெரியாது. காகிதத்தில் இருப்பது மட்டும்தான் அவருக்கு வழக்கு.

உயிர் ஆபத்து என்றால் நடைமுறை மாறும். தற்கொலை செய்துகொள்வதாகச் செய்தி அனுப்பிவிட்டு ஒருவர் காணாமல் போயிருக்கிறார் என்றால், படிவம் நிரப்பிக் காத்திருக்க முடியாது. படைக்குள்ளேயே உரிய மூத்த அதிகாரி வாய்மொழியாக அனுமதி தரலாம், எழுத்து வேலை பின்னால் வரும். இதற்கு நேரெதிரானது பத்திரிகையாளரின் செய்தி மூலத்தைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு வரும் கோரிக்கை. அதற்கு நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும். தேர்வுக்கு இரண்டையும் தெரிந்துவைத்திருங்கள்.

சரி, தொழில்நுட்பம். இதில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் ஓர் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளாது. சிம் அட்டையின் வரிசை எண் 19 அல்லது 20 இலக்கம். அதை அப்படியே ஒட்டினால் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும். தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்ஜியமும் காணாமல் போகும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரே எண் ஒரு பட்டியலில் 07 என்றும் இன்னொன்றில் 447 என்றும் தொடங்கும். ஒன்றாக்காமல் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. போன் கருவியை அடையாளம் காட்டும் ஐஎம்ஈஐ எண்ணின் 15ஆவது இலக்கம் சோதனை இலக்கம். நிறுவனங்களின் பதிவுகளில் பெரும்பாலும் அந்த இடத்தில் 0 இருக்கும், போனின் பெட்டியில் வேறு இலக்கம் இருக்கும். அதை வைத்து இரண்டும் வேறு போன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஐபி முகவரிக்கு வந்தால் நேரம்தான் எல்லாம். வெளிநாட்டு நிறுவனம் ஜூலை 14 அன்று 01:30 என்று உலகப் பொது நேரத்தில் பதிவு தருகிறது. அன்று இங்கே கோடைகால நேரம், அதாவது 02:30. மாற்றாமல் கேட்டால், ஒரு மணி நேரம் முன்பு அந்த முகவரியைப் பயன்படுத்திய வேறொரு வீட்டின் பெயர் வரலாம். மொபைல் இணையத்தில் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், அதனால் அவர்களைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் வேண்டும். இதில் பிழை நேர்ந்து, எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களின் வீட்டுக் கதவைக் காவல்துறை தட்டிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. கண்காணிப்பு ஆணையரின் ஆண்டறிக்கைகளில் பிழைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்தையும் விட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவை அந்தப் பக்கங்கள்தான். ஒரு குடும்பம் அதிகாலையில் என்ன அனுபவித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டாவது முறை சரிபார்க்கச் சலிப்பு வராது.

செல் தரவைப் பற்றி எழுதும்போது வாக்கியத்தில் கவனம் வேண்டும். கோபுரத்தில் பொதுவாக மூன்று திசைகளுக்கு மூன்று செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 120 பாகை. போன் எப்போதும் அருகில் இருக்கும் கோபுரத்தைத்தான் பிடிக்கும் என்பதில்லை. மேடு, கட்டடம், அந்த நேர நெரிசல் எல்லாமே அதை மாற்றும். அதனால் "அவர் அந்த வீட்டில் இருந்தார்" என்று எழுதாதீர்கள். "அந்த வீடு இருக்கும் பகுதிக்குச் சேவை தரக்கூடிய செல்லை அந்தப் போன் பயன்படுத்தியது" என்று எழுதுங்கள். போன் யார் கையில் இருந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு மேல் இருப்பிடம் பற்றிக் கருத்துச் சொல்வது செல் சைட் நிபுணரின் வேலை. குற்றச்சாட்டுக்கு எதிராகப் போகும் தரவையும் பாதுகாத்து, எதிர்த்தரப்புக்கு வெளிப்படுத்துவதற்காகக் கொடுக்க வேண்டும். ஓர் ஆள் நிரபராதி என்று காட்டுவதும் இதே தரவுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நேர்காணலில் உங்கள் கடந்தகால அனுபவங்களைச் சூழல், பணி, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லச் சொல்வார்கள். காவல்துறை அனுபவம் இல்லையே என்று தயங்காதீர்கள். கணக்கில் ஒரு முரண்பாட்டைக் கண்டு விடாமல் துரத்தியது, மேலாளர் சொன்னதை மரியாதையோடு மறுத்தது, இவை போதும். மறுத்த அனுபவம் ஒன்றைக் கட்டாயம் தயார் செய்யுங்கள். "ஒரு இன்ஸ்பெக்டர் அவசரம் என்கிறார், அனுமதி இல்லாமல் விவரம் வேண்டும் என்கிறார், என்ன செய்வீர்கள்?" என்ற வகைக் கேள்வி வரும். உண்மையான அவசரமா என்று கேட்பேன், அவசரம் என்றால் அதற்குரிய வழியை அவருக்குக் காட்டுவேன், இல்லையென்றால் முடியாது என்பேன், இரண்டையும் பதிவு செய்வேன். இதுதான் பதிலின் எலும்பு. அனுமதியின்றித் தரவு பெறுவதை புலனாய்வு அதிகாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவே குற்றமாக்கியிருக்கிறது, இரண்டு ஆண்டு வரை சிறை. உறவினர் ஒருவர் "இந்த நம்பர் யாருடையது, பார்த்துச் சொல்லேன்" என்று கேட்டாலும் அதே பதில்தான். நம் வீடுகளில் அப்படிக் கேட்பார்கள், முதல் தடவையே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

வெட்டிங் (வேலைக்கு எடுக்கும் முன் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பு) பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் முன்னெழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராக நீண்டிருக்கும், வங்கியில் இரண்டும் இடம் மாறியிருக்கும். எல்லா வடிவங்களையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். கேள்வி வந்த பிறகு விளக்குவதைவிட இது எளிது. பொதுவாகக் குறைந்தது மூன்று ஆண்டுகள், உயர்நிலை வெட்டிங்குக்கு ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். கடன் இருப்பது தடையில்லை, படிவம் கேட்டும் மறைப்பதுதான் தடை. உடன் வசிப்பவர்களின் விவரமும் கேட்பார்கள் என்பதால் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முடிவு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். வெட்டிங் முடிந்து, வேலையில் சேரும் தேதி எழுத்தில் வரும்வரை இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.