டோஹோ ஏரியில் முதல் பாஸ் மீன்பிடி: படகுக் கவுன்டரில் பறிபோன காலை

ஃப்ளோரிடாவில் வாடகைப் படகு எடுத்து மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஒரு தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1988 ஜனவரி 1. அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் படகை ஓட்ட வேண்டுமானால், படகுப் பாதுகாப்புப் பாடம் முடித்ததற்கான அட்டை கையில் இருக்க வேண்டும். அது அந்த மாநிலச் சட்டம். சட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் படகு வாடகைக்கு விடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், போனில் கேட்டபோதும் மின்னஞ்சலில் கேட்டபோதும் "டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு, விடிகாலையில் கவுன்டர் முன்னால் வந்து நிற்கும்போது அட்டையைக் கேட்டால் என்ன செய்வது? அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருப்பது மிச்சிகனில். பிப்ரவரியில் எங்கள் பக்கத்து ஏரிகள் எல்லாம் உறைந்து கிடக்கும். அதே பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் நடுப்பகுதியில் பாஸ் என்கிற நன்னீர் மீன் முட்டையிடக் கரையோரம் ஏறி வரும். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நாலு நாள் நின்றால் போதும், பெரிய பெட்டை மீன்கள் எல்லாம் ஆழமில்லாத இடத்துக்கு வந்துவிடும். நானும் மச்சினனும் பல வருடமாகப் பேசிக்கொண்டிருந்த பயணம் இது.

எந்த ஏரி என்பதில்தான் முதல் வாக்குவாதம். அவனுக்கு ஓக்கிச்சோபி மேல் ஆசை. 730 சதுர மைல் ஏரி, சராசரி ஆழம் 9 அடிதான். பேர் பெரிய பேர்தான், ஆனால் காற்று கொஞ்சம் வலுத்து அடித்தால் அடிமண் கலங்கி ஏரியின் பெரும்பகுதி சேறாகிவிடும். அதன் சந்துபொந்துகள் தெரியாத புது ஆளுக்கு அது சரிப்படாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். கிஸ்ஸிமி ஊரை ஒட்டிய டோஹோபெகலிகா ஏரி, சுருக்கமாக டோஹோ, ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து பக்கம். 2001 ஜனவரியில் மீன்பிடிப் போட்டிக்காரர் டீன் ரோஹாஸ் ஒரே நாளில் ஐந்து பாஸ் மீன்களைக் கூட்டி 45 பவுண்டு 2 அவுன்ஸ் எடை காட்டிய ஏரி அது. அதைச் சொன்னதும் மச்சினன் வழிக்கு வந்தான்.

விமானம், தங்குமிடம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. தூண்டில் ராடு மட்டும் மூன்று துண்டாகக் கழற்றுகிற வகையாக வாங்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். பெரிய முள் உள்ள தூண்டில்களைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், சோதனையில் வம்பு இருக்காது.

அடுத்தது மீன்பிடி லைசென்ஸ். ஒருநாள் கைடு ஒருவரை ஒரு முன்பதிவுத் தளம் வழியாக எடுத்திருந்தோம். அவர்கள் பக்கத்தில் "லைசென்ஸ் உட்பட" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடல் மீன்பிடிப் படகுகளுக்கு அது உண்மை. அங்கே படகுக்காரர் எடுக்கிற லைசென்ஸே பயணிகளுக்கும் சேரும். நன்னீர் ஏரியில் அப்படிக் கிடையாது. கைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தனக்கென நன்னீர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாசகத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல வேளை, கைடே முந்தின வாரம் போன் பண்ணி, "லைசென்ஸ் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். வெளிமாநிலத்தவருக்கு 3 நாளைக்கு 17 டாலர், 7 நாளைக்கு 30, வருடம் முழுக்க 47. போனிலேயே எடுத்துவிடலாம், மேலே சின்னதாக ஒரு சேவைக் கட்டணம் வரும். எடுக்கும்போது நன்னீரா கடலா என்று பார்த்து எடுங்கள், ஒன்று மற்றதற்குச் செல்லாது.

இனி அந்தக் கவுன்டர் கதை.

படகு மச்சினன் பேரில் பதிவாகியிருந்தது. அவன் பிறந்தது 1991. மிச்சிகனில் இந்த அட்டை 1996 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான், அதனால் அவன் அங்கே வருடக்கணக்கில் படகு ஓட்டியும் யாரும் கேட்டதில்லை. இங்கே கவுன்டரில் இருந்த இளைஞர் அவனுடைய டிரைவிங் லைசென்ஸை வாங்கிப் பிறந்த தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "போட்டிங் கார்டு?" என்றார். இல்லை என்றோம். "அப்போ படகு தர முடியாது."

நான் 1984இல் பிறந்தவன். எனக்கு அந்த அட்டையே தேவையில்லை. "என் பேருக்கு மாற்றிக் கொடுங்கள், நானே ஓட்டுகிறேன்" என்றேன். பதிவு ஒருவர் பேரில் ஆன பிறகு மாற்ற முடியாதாம். ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாமாம். ஆனால் அன்றைக்கே ரத்து செய்தால் முன்பணம் போய்விடுமாம், புதுப் பதிவுக்கு மேலாளர் ஒன்பதரை மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். "நீங்கள்தானே லைசென்ஸ் போதும் என்று எழுதினீர்கள்?" என்று மின்னஞ்சலைத் திறந்து காட்டினேன். அவர் திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது நான் எழுதியது இல்லை, சார்" என்றார்.

வெளியே வந்தால் வானம் மேகமூட்டமாக, காற்று தெற்கிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. பாஸ் மீன் பிடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது. அதுவும் அன்று இரவே வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கப் போகிறது என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். குளிர் வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் மீன் வெறியோடு இரை எடுக்கும். படகுத்துறையில் இறங்கிய மற்றவர்கள் ஒவ்வொருவராக எஞ்சினை முடுக்கிக்கொண்டு போவதை நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழி ஒன்று இருக்கிறது, அதை அந்தக் கடைக்காரர் சொல்லவில்லை. பக்கத்தில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார். தற்காலிகச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. இணையத்தில் ஒரு தேர்வு எழுதினால் 90 நாளைக்குச் செல்லும், ஏறக்குறைய 10 டாலர்தான். ஏரிக்கரையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை போய், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே மச்சினன் தேர்வு எழுதினான். எதிரே படகு வந்தால் யார் ஒதுங்க வேண்டும், பச்சை மிதவை எந்தக் கையில் வர வேண்டும் என்கிற மாதிரிக் கேள்விகள். பாஸானான். சான்றிதழை அச்செடுத்துத்தான் காட்ட வேண்டும் என்று கடையில் சொன்னார்கள், அதற்கு ஒரு மருந்துக்கடையைத் தேடி அலைந்தோம். படகு கைக்கு வந்தபோது உச்சிவெயில். காற்று திரும்பி வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது.

"மாமா, இன்னைக்கு விட்டதை நாளைக்குப் பிடிச்சிரலாம்" என்றான் அவன். நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவனிடம் சொல்ல மனசு வரவில்லை.

ஃப்ளோரிடா பாஸுக்குக் குளிர் ஆகாது. எங்கள் ஊர் மீன் ஐஸுக்கு அடியிலும் இரை எடுக்கும். இங்கே ஒரே இரவில் தண்ணீர் சில டிகிரி இறங்கினாலே வாயைக் கட்டிக்கொள்ளும். மறுநாள் காலை படகிலிருந்த கருவி 57 டிகிரி காட்டியது, முந்தின நாள் மாலை 65. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. விடிந்ததிலிருந்து வீசி வீசித் தோள் கழன்றதுதான் மிச்சம், ஒரு கடி இல்லை. அதனால் சொல்கிறேன், விமான டிக்கெட் எடுக்கும்போதே கூடுதலாக இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் குளிர்காற்று ஒன்று குறுக்கே வராமல் வாரம் கழிவது அரிது. அது வந்து போன பிறகு தண்ணீர் சூடேறக் குறைந்தது இரண்டு மூன்று நாள் ஆகும்.

கைடு வந்த நாள்தான் எங்களுக்குக் கண் திறந்தது. அவர் காலை ஏழு மணிக்கு வராமல் ஒன்பதுக்கு வரச் சொன்னார். குளிருக்குப் பிறகு விடிகாலையில் போய்ப் பயனில்லை, வெயில் ஏறி ஆழமில்லாத தண்ணீர் கொஞ்சம் சூடாகட்டும் என்றார். அப்புறம் ஷைனர். இது கெண்டை இனத்து உயிர் இரை, ஒரு சாண் நீளம். ஏரியில் பிடித்த ஷைனருக்கும் பண்ணையில் வளர்த்ததற்கும் வித்தியாசம் உண்டு. ஏரி ஷைனர் பாஸைக் கண்டால் பயந்து ஓடும், பண்ணை ஷைனருக்கு அந்தப் பயம் தெரியாது. விலை டஜனுக்கு 20 டாலருக்கு மேல், கைடு கட்டணத்தில் சேராது. முன்கூட்டியே கேட்டுப் பேசிவிடுங்கள்.

ஷைனரின் உதட்டில் முள்ளைக் கோத்து, மேலே இரண்டு மூன்று அடியில் தக்கையைக் கட்டி, ஹைட்ரில்லா பாசி மெத்தையாகப் படர்ந்திருக்கும் ஓரத்தில் விடுகிறார். முதலில் தக்கை சோம்பலாக அங்குமிங்கும் நகரும். பாசிக்கு அடியில் பெரிய மீன் ஏதாவது திரும்பினால் உடனே தெரிந்துவிடும். தக்கை கிடுகிடுவென்று நடுங்கும், ஷைனர் மேலே வந்து தண்ணீரை அடிக்கும், சில சமயம் துள்ளி வெளியே விழும். அந்த நேரத்தில் கை துறுதுறுக்கும், இழுக்கக் கூடாது. தக்கை முழுதாக மறைந்து, லைன் ஒரு பக்கமாக விறைத்துப் போன பிறகு சுற்றிவிட்டு ஓங்கி இழுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மீன் கிடைத்தது. மூன்று நான்கு பவுண்டு மீன்கள். அந்த மந்தமான வெயிலில் அதுவே பெரிய விஷயம்.

போகும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார், அது எங்கள் பணத்துக்கு மேல் மதிப்புள்ளது. வடக்குக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு ஏரியின் வடகரைக்குப் போங்கள். காற்று படாத கரை, தெற்கு வெயில் நேராக விழும், தண்ணீர் அங்கேதான் முதலில் சூடாகும். டோஹோவில் என்றால் வடமேற்கில் ஷிங்கிள் கிரீக் ஓடை வந்து சேர்கிற பக்கம்.

மறுநாள் படகு எங்கள் கையில். காலை முழுக்கத் தூங்கிவிட்டு மதியத்துக்குப் பிறகு அங்கே போனோம். கோரையும் அல்லி இலையும் கலந்து நின்ற இடம், இடுப்பளவு தண்ணீர், கருவியில் 63 டிகிரி. கறுப்பு-நீல நிற ரப்பர் புழுவை கோரைத் தண்டுகளுக்கு நடுவே மெதுவாக இறக்கினான் மச்சினன். லைன் சும்மா பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது. அடித்து இழுத்தான். மீன் நேராகக் கோரைக்குள் பாய்ந்து தண்டைச் சுற்றிக்கொண்டது. எங்கள் ஊரில் போடுகிற மெல்லிய 10 பவுண்டு லைன் என்றால் அந்த நொடியே அறுந்திருக்கும். இங்கே 50 பவுண்டு, 65 பவுண்டு பின்னல் லைன்தான் போட வேண்டும், அதில் யோசனையே வேண்டாம். தண்டோடு சேர்த்து வந்த மீன் தராசில் 7 பவுண்டு 3 அவுன்ஸ். அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "மாமா, போட்டோ, போட்டோ" என்று கத்தினான். 8 பவுண்டு தொட்டிருந்தால் மாநிலத்தின் டிராஃபிகேட்ச் திட்டத்தில் பதிந்திருக்கலாம். அதற்கு மீன் முழுதாகத் தராசில் தொங்குவதும் எடை எண்ணும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தராசு இல்லாமல் போகாதீர்கள். நாங்கள் எப்படியும் விட்டுவிட்டோம். வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்துதான், அதில் 16 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது ஒன்றுக்கு மேல் கூடாது.

இன்னும் ஒன்று. தெற்கே சைப்ரஸ் ஏரிக்குப் போக ஆசைப்பட்டால் சவுத்போர்ட் வாய்க்காலில் படகை ஏற்றி இறக்குகிற மதகைத் தாண்ட வேண்டும். அதற்கு நேரம் உண்டு. மூடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் படகைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

வந்ததும் அந்தப் படகுக் கடைக்கு எழுதினேன். "டிரைவிங் லைசென்ஸ் போதும்" என்ற அவர்களுடைய மின்னஞ்சலையே மேலே ஒட்டி, இழந்த அரை நாள் வாடகையைக் கேட்டேன். பதில் இல்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் அதே கடிதத்தோடு புகார் பதிந்த பிறகு பணம் திரும்ப வந்தது. போனில் சொன்னது மட்டும் இருந்திருந்தால் ஒரு காசு வந்திருக்காது, எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள்.

மச்சினன் முழுப் பாடத்தையும் முடித்து மிச்சிகன் சான்றிதழ் வாங்கிவிட்டான். அது ஃப்ளோரிடாவிலும் செல்லும், காலாவதி கிடையாது. அடுத்த பிப்ரவரிக்கு ஃபெல்ஸ்மியர் பக்கம் 2020இல் திறந்த ஹெட்வாட்டர்ஸ் ஏரியைப் பார்த்து வைத்திருக்கிறோம், குளிர்காற்றுக்கென்று கூடுதல் நாட்களோடு.