பூ மார்க்கெட்டில் ஒரு கல்யாணம்

"என்ன பாய், கல்யாண வீடா?"

காலையில் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட். இரண்டு கூடை உதிரி ரோஜா எடுத்த பெரியவரிடம் பூக்காரம்மா கேட்டார்.

"தர்காவுல சந்தனக்கூடுக்கா. அதுவும் கல்யாணம்தான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சந்தனக்கூடு நடக்கும் தர்கா விழாவுக்கு உருஸ் என்று பெயர். அந்த அரபிச் சொல்லுக்கே கல்யாணம் என்றுதான் பொருள். இறைநேசர் இறந்த நாளை இறைவனோடு சேர்ந்த நாளாகக் கொண்டாடுவது. இஸ்லாமிய ஞான மரபான சூஃபி வழியின் கவிஞர் ரூமி 1273 டிசம்பர் 17 அன்று துருக்கியின் கோன்யாவில் இறந்த அந்த இரவுக்கும் 'திருமண இரவு' என்றே பெயர்.

ஆன்மேரி ஷிம்மல் ஞாபகம் வந்தது. ஜெர்மன்காரர். ஆயுள் முழுக்க சூஃபி கவிதைதான். ஹார்வர்டில் 1967 முதல் 1992 வரை பாடம் நடத்தினார். கையில் குறிப்பு கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு பேசுவாராம். (நாங்கள் வகுப்பில் கண்ணை மூடியது வேறு விஷயத்துக்கு!) 2003-இல் இறந்தார். பான் நகரில் அவர் கல்லறையில் ஒரு பழைய வாக்கு இருக்கிறது: மனிதர்கள் உறங்குகிறார்கள், இறக்கும்போது விழிக்கிறார்கள்.

நான் போனது அப்பாவின் திதிக்குப் பூ வாங்க.

"உங்களுக்கு என்ன விசேஷம் தம்பி?"

சொல்ல வாய் வரவில்லை. "மல்லி ரெண்டு முழம்" என்றேன்.

அப்புறம், எதற்கோ, "மூணா குடுங்க" என்றேன்.