கல்லூரி விழா வினாடி வினாவுக்குக் கேள்வி எடுப்பவர்களுக்கு

விழாக் காலம் வந்தால் தெரிந்த மாணவர்கள் கேள்வித்தாளை அனுப்பிவிட்டு, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்பார்கள். நான் சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். மனப்பாடம் செய்தவன் மட்டும் சொல்லக்கூடிய கேள்விகளைக் குறைத்து, தெரியாதவனும் யோசித்தால் பிடித்துவிடக்கூடிய கேள்விகளைக் கூட்டுங்கள்.

"பொலோனியத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால், படித்தவன் இரண்டு நொடியில் கியூரி என்பான், படிக்காதவன் பாஸ் என்பான், அரங்கில் வேறொன்றும் நடக்காது. அதையே இப்படிக் கேளுங்கள்: 1898-ல் கண்டுபிடித்த ஒரு தனிமத்துக்கு, கண்டுபிடித்தவர்களில் ஒருவரது தாய்நாட்டின் பெயரை வைத்தார்கள், அப்போது அந்த நாடு தனி நாடாக வரைபடத்திலேயே இல்லை, மூன்று பேரரசுகள் அதைப் பங்கு போட்டு வைத்திருந்தன. எந்தத் தனிமம்?

ஓர் இறுதிச்சுற்றில் இதைக் கேட்டபோது மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி மேசையில் ஒரு மாணவி "ஜெர்மேனியமா?" என்று கிசுகிசுக்க, பக்கத்திலிருந்தவன் "ஜெர்மனி அப்போ இருந்துச்சே" என்று தலையாட்டினான். பிரான்சியமும் அதே காரணத்தால் அடிபட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பங்கு போட்டது போலந்தைத்தானே... பொலோனியம்!" என்றாள். நடத்துபவர் சரி என்று சொல்வதற்கு முன்பே அரங்கம் கைதட்டிவிட்டது. அவளுக்கு வேதியியல் பெரிதாகத் தெரியாது, வரலாற்றை வைத்துக்கொண்டு பிடித்தாள். வினாடி வினா எனக்குப் பிடித்துப்போனதே இந்த மாதிரி நிமிடங்களுக்காகத்தான்.

இன்னொன்று, தகுதிச்சுற்றுக்கு ஏற்றது: 2006 ஜனவரியில் கிளம்பும்போது ஒரு கோளைப் பார்க்கப் போன விண்கலம், 2015 ஜூலையில் அங்கே போய்ச் சேர்ந்தபோது அது கோள் பட்டியலிலேயே இல்லை. எங்கே போனது? புளூட்டோ என்று எழுத விண்கலத்தின் பெயர் நியூ ஹொரைசன்ஸ் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதே 2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் குறுங்கோளாக மாற்றிய செய்தி லேசாக நினைவிருந்தால் போதும்.

விடைகளைச் சரிபார்ப்பதில் சோம்பல் கூடவே கூடாது. பழைய பொது அறிவுப் புத்தகங்களில் இருப்பதை அப்படியே எடுத்துப் போடுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன. நிலவிலிருந்து வெறும் கண்ணால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பது கட்டுக்கதை, ஆனாலும் கேள்வியாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது. உலகின் மிக நீளமான ஆறு எது என்று கேட்டால் நைல் என்பவரும் அமேசான் என்பவரும் ஆளுக்கொரு ஆதாரம் வைத்திருப்பார்கள், ஆற்றின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதிலேயே தகராறு. அதைத் தொடவே வேண்டாம். உலகில் எத்தனை நாடுகள் என்றும் கேட்காதீர்கள், ஐ.நா. உறுப்பு நாடுகள் எத்தனை என்று கேளுங்கள். 2011-ல் தெற்கு சூடான் சேர்ந்ததிலிருந்து 193, அதில் வாதத்துக்கு இடமில்லை.

விதிமுறைகளையும் கொஞ்சம் யோசியுங்கள். அணிக்கு ஒரு நேரடிக் கேள்வி, தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் பாஸ் என்ற பழைய முறையில், தடுமாறுகிற அணிக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சும்மாவே கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். திறமை ஒருபக்கம் இருக்க, நாற்காலி ஜெயித்துக் கொடுக்கும். அதனால், விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்குங்கள். யாருமே சொல்லவில்லை என்றால் முதலில் யாரிடம் கேட்டீர்களோ அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். பாதிக் கேள்விகள் முடிந்ததும் சுற்றும் திசையை மாற்றிவிடுங்கள். எல்லா அணிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய சமமாகிவிடும், முறையிடுவதற்கும் ஆள் இருக்காது.

அரங்கில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். மேடையில் இருப்பது ஆறு அணிகள், கீழே நிறைய பேர், அவர்களில் பலர் தகுதிச்சுற்றில் ஒரு மதிப்பெண்ணில் வெளியே போனவர்கள். யாரும் சொல்லாத கேள்வியின் விடையை உடனே திரையில் காட்டாமல் முதலில் அவர்களிடம் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து சரியான விடை வந்தால் அந்தக் கல்லூரியே எழுந்து நின்று கத்தும், மைக்கில் பேசினாலும் கேட்காது, இரண்டு நிமிடம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அப்புறம் விழாக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு நடன நிகழ்ச்சிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் என்று இறுதிச்சுற்றைத் திணிக்காதீர்கள். யோசிக்க முப்பது நொடி கொடுத்து, விடைக்குப் பின்னால் இருக்கும் கதையையும் சொல்லி நடத்த இரண்டு மணி நேரமாவது வேண்டும்.